சிப்பாயின் சீட்டும் தேசத்தின் சாசனமும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கஜானா இலாகாவில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக எவரும் பிரித்துப் பாராமல் கிடந்த கணக்குப் புத்தகங்களைப் பார்வையிட விரும்பிய சார்லஸ் பியர்டு என்ற சரித்திரப் பேராசிரியர், அவற்றின்மேல் படிந்திருந்த புழுதியை உறிஞ்சி எடுக்கும் யந்திரம் ஒன்று கொண்டுவரப்பட்ட பிறகே சிலவற்றையேனும் தம்மால் தொட முடிந்தது என்று தம் நூலில் எழுதியிருக்கிறார். அந்த நூல் 1913-ல் வெளியாயிற்று. 1787-ஆம் ஆண்டுக் கோடையில் பிலடெல்பியா நகரில் கூடி, இன்றளவும் அமலில் இருந்துவரும் அரசியல் சாசனத்தை வகுத்த பெரியோர்களில் யார் யாருக்கு எவ்வளவு சொத்து இருந்தது, அந்தச் சொத்து எவ்வகையானது என்பதை ஆள் ஆளாக எடுத்து அடுக்கிக் காட்டியதே அதன் புதுமை. 55 பிரதிநிதிகளில் 40 பேருடைய பெயர்கள் யுத்தகாலக் கடன் பத்திரங்களை வைத்திருந்தோர் ஜாபிதாவில் காணப்பட்டன. 24 பேர் வட்டிக்குப் பணம் கொடுத்திருந்தவர்கள். 14 பேர் விலை ஏறும் என்ற நம்பிக்கையில் நிலங்களை வளைத்துப் போட்டிருந்தவர்கள். அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தோர் 15 பேர் என்று பியர்டு எண்ண, பின்வந்தவர்கள் மறுபடியும் எண்ணிப் பார்த்து அத்தொகையை 25 அளவுக்கு உயர்த்தினார்கள். தன் கையால் ஏர் பிடித்துப் பிழைத்த சிறு குடியானவனோ, பட்டறையில் உழைத்த தொழிலாளியோ அந்த மண்டபத்தில் ஒருவர்கூட இல்லை.

தேசத்தை ஸ்தாபித்த பிதாக்களைத் தெய்வங்களாகத் தொழுது பழகிய ஜனங்களிடையே, அந்தத் தெய்வங்களின் மடியைச் சோதித்துப் பார்த்த இச்செயல் பெருத்த ஆத்திரத்தை மூட்டியதில் வியப்பில்லை. முன்னாள் ஜனாதிபதி டாப்ட் முகம் சுளித்தார். பின்னாளில் ஜனாதிபதியான ஹார்டிங் என்பவருக்குச் சொந்தமான பத்திரிகை, தேசபக்தர்களின் சமாதிகளைத் தோண்டும் கழுதைப்புலிக்கு ஆசிரியரை ஒப்பிட்டுத் தலைப்பே போட்டது. ஆத்திரப்பட்டவர்கள் சொன்னதில் ஒரு நியாயமும் உண்டு. அதைப் பின்னர் பார்ப்போம். ஆனால் வகுத்தவர்களின் மடியில் எவ்வளவு இருந்தது என்று எண்ணுவதைக் காட்டிலும், அவர்கள் வகுத்த ஷரத்துக்கள் யாருடைய கையைக் கட்டின, யாருடைய கையை அவிழ்த்துவிட்டன என்று பார்ப்பதே இவ்விவகாரத்தில் உசிதமான மார்க்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படிப் பார்ப்பதற்கு, யுத்தத்திலிருந்து வீடு திரும்பிய ஒரு சாமானியச் சிப்பாயின் கையிலிருந்த காகிதச் சீட்டைப் பின்தொடர்ந்து போனால் போதும்.

பிரிட்டனுடன் 1775-ல் மூண்ட யுத்தத்தை நடத்திய காங்கிரஸ் மகாசபைக்கு வரி விதிக்கும் அதிகாரம் கிடையாது. ஆகவே அது நோட்டு அச்சிட்டது. அச்சிட அச்சிட மதிப்பு இறங்கியது. யுத்தம் ஓய்ந்து படை கலைக்கப்பட்ட 1783-ல், பல ஆண்டுச் சம்பள பாக்கிக்கு ஈடாகச் சிப்பாய்களுக்குக் கிடைத்தவை, பின்னொரு நாளில் வட்டியோடு தருவதாக வாக்களிக்கும் காகிதச் சீட்டுக்களே. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பொறுமையிழந்த சில நூறு சிப்பாய்கள் பிலடெல்பியாவிலுள்ள ராஜ்ய மாளிகையைத் துப்பாக்கிகளுடன் சூழ்ந்துகொண்டு சம்பளம் கேட்க, காங்கிரஸ் அங்கத்தினர்கள் அந்நகரை விட்டே கிளம்பிப் பிரின்ஸ்டன் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அரசியல் சாசனம் வகுக்கப்பட்டதும் அதே மாளிகையில்தான். மத்திய சர்க்காரின் தலைநகரம் எந்த ராஜ்யத்துக்கும் உட்படாத தனிப் பிரதேசமாக இருக்க வேண்டும் என்ற ஷரத்து அச்சாசனத்தில் ஏறியதற்கு அந்த ஜூன் மாத அனுபவமும் ஒரு காரணம்.

ஊர் திரும்பிய சிப்பாய்க்கு விதை வேண்டும், உப்பு வேண்டும், தவணை தவறிய கடனுக்கு வழி வேண்டும். சீட்டைச் சமைத்துச் சாப்பிட முடியாது. முகமதிப்பில் சொற்பப் பங்குக்கு அதைக் கடைக்காரரிடமோ தரகரிடமோ தள்ளிவிட்டான். அவ்வாறு தள்ளப்பட்ட சீட்டுக்கள் கைமாறிக் கைமாறி, பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா நகரத்துத் தனவந்தர்களின் பெட்டிகளில் போய்த் தங்கின.

இதற்கிடையில் பிரிட்டிஷ் சரக்குகள் துறைமுகங்களில் வந்து குவிந்து, அவற்றுக்கு விலையாக நாட்டிலிருந்த வெள்ளியும் பொன்னும் கப்பலேறிப் போயின. லண்டன் வர்த்தகர் பாஸ்டன் வர்த்தகரை நெருக்க, அவர் உள்நாட்டுக் கடைக்காரரை நெருக்க, கடைக்காரர் குடியானவன்மேல் பிராது கொடுக்க, டிக்ரி, ஜப்தி, ஏலம் என்று வரிசையாக வந்து, மாடும் நிலமும் போன பின்னும் பாக்கி நின்றால் கடனாளிச் சிறையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இந்த வேளை பார்த்து மாஸாசூஸெட்ஸ் ராஜ்யம் தன் யுத்தக் கடன் சீட்டுக்களுக்கு முகமதிப்பின்படியே வட்டி கொடுக்க நிச்சயித்து, அதன் பொருட்டு நாணயமாகச் செலுத்தியாக வேண்டிய கடும் வரிகளை விதித்தது. சீட்டை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்ட சிப்பாய், அதை வாங்கி வைத்திருப்பவருக்கு முழு மதிப்புக்கும் வட்டி போய்ச் சேர்வதற்காகத் தன் உழவு மாட்டை விற்று வரி கட்ட வேண்டும் என்பதே இதன் தாத்பரியம்.

வேறு ராஜ்யங்களில் குடியானவர்களுக்குச் சட்டசபையில் செல்வாக்கு இருந்தது. ஏழு ராஜ்யங்கள் காகித நாணயம் வெளியிட்டு, வரிக்கும் கடனுக்கும் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுத்தன. ரோட் தீவு என்ற மிகச் சிறிய ராஜ்யமோ, தன் காகிதத்தைக் கடன் கொடுத்தவர் மறுக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றே சட்டம் செய்தது. அங்கே கடனாளி துரத்த, கடன் கொடுத்தவர் ஓடி ஒளிகிறார் என்று அக்காலத்தில் பரிகாசமாகச் சொல்லிக்கொண்டார்கள். மாஸாசூஸெட்ஸிலோ சட்டசபைக் கதவு திறக்கவில்லை; ஆகவே ஜனங்கள் நியாயஸ்தலத்தின் கதவை அடைத்தார்கள்.

1786 ஆகஸ்டு 29-ஆம் தேதி நார்தாம்ப்டன் ஊரில் நூற்றுக்கணக்கானோர் திரண்டு நின்று நீதிபதிகளை உள்ளே போகவொட்டாமல் தடுத்தனர். நியாயஸ்தலம் கூடாவிட்டால் டிக்ரி இல்லை, டிக்ரி இல்லாவிட்டால் ஜப்தி இல்லை என்பது அவர்கள் கணக்கு. பிற்பாடு இக்கலகத்துக்கே பெயர் தந்துவிட்ட டேனியல் ஷேஸ், பங்கர் ஹில்லிலும் சாரடோகாவிலும் போர் புரிந்து கேப்டன் பதவிக்கு உயர்ந்தவர். லபாயெத் பிரபு பரிசாகத் தந்த வாளையே பணமுடையால் விற்றுவிட்டவர். கலகத்தை அடக்குவதற்குக் கவர்னர் பௌடாயினின் கஜானாவில் பணம் இல்லாமையால், பாஸ்டன் வர்த்தகர்கள் கடன் கொடுத்துப் பட்டாளம் திரட்டினார்கள்; கடன் கொடுத்தவர்களே கடனாளிகளை அடக்கும் படைக்கும் பணம் போட்ட காட்சி சரித்திரத்தில் இவ்வளவு பச்சையாக அடிக்கடி காணக் கிடைப்பதில்லை. 1787 ஜனவரி 25-ல் ஸ்பிரிங்பீல்டு ஆயுதசாலையை நோக்கி வந்த கூட்டத்தின்மீது ராஜ்யப் படையின் பீரங்கி வெடித்து நால்வர் மாண்டனர். பிப்ரவரித் தொடக்கத்தில் பனிப்புயலினூடே இரவெல்லாம் நடந்துபோன ஜெனரல் லிங்கனின் படை, எஞ்சியவர்களைப் பீட்டர்ஷாம் என்ற ஊரில் சிதறடித்தது.

அத்துடன் முடிந்திருந்தால் சொத்துள்ளவர்கள் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். ஆனால் அடுத்து வந்த தேர்தலில் பௌடாயின் தோற்றார். புதிய சட்டசபை வரிச்சுமையைக் குறைத்தது. கலகத்தைப் பீரங்கியால் அடக்கலாம், வாக்குச்சீட்டை எதனால் அடக்குவது? ஜெனரல் நாக்ஸ் என்பவர் 1786 அக்டோபரிலேயே வாஷிங்டனுக்கு எழுதிய கடிதத்தில், நாட்டின் சொத்து யாவும் எல்லோருக்கும் பொது என்று இக்கலகக்காரர்கள் கொள்கை பேசுவதாகச் சாற்றியிருந்தார்; அது மிகைதான் என்றாலும், பண்ணை வீட்டில் ஓய்ந்திருந்த வாஷிங்டனை மறுபடியும் பொதுவாழ்வுக்கு இழுத்துவந்த காரணங்களில் அந்தப் பீதியும் ஒன்று. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள்.

1787 மே 25 முதல் செப்டம்பர் 17 வரை, கதவில் காவல் வைத்து, உள்ளே பேசுவது வெளியே போகலாகாது என்ற விதியுடன் சாசனம் வகுத்த பிலடெல்பியா மாநாடு நடைபெற்றது. ரோட் தீவு ஒருவரையும் அனுப்பவில்லை. வர்ஜீனியாவின் மாடிசன் நாள்தோறும் எடுத்த குறிப்புகள், அவர் 1836-ல் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆனபிறகே அச்சேறின. அவற்றைப் படிக்கிறவர்களுக்கு ஒளிவுமறைவின்றிப் பேசும் மனிதர்களின் குரல் கேட்கும். நாம் படும் துன்பங்களெல்லாம் ஜனநாயகம் அளவு மீறியதால் வந்தவை என்றார் மாஸாசூஸெட்ஸின் ஜெரி. சர்க்கார் விஷயத்தில் ஜனங்களுக்கு நேர் சம்பந்தம் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்றார் கனெக்டிகட்டின் ஷெர்மன். ஜனாதிபதியும் செனட்டர்களும் நன்னடத்தை உள்ளவரை ஆயுள் முழுவதும் பதவியில் இருக்கட்டும் என்று நியூயார்க்கின் ஹாமில்டன் ஒரு நாள் முழுதும் பேசினார். செல்வமுள்ள சிறுபான்மையினரைப் பெரும்பான்மையினரிடமிருந்து காப்பதற்காகவே செனட் அமைய வேண்டும் என்று மாடிசன் ஜூன் 26-ல் கூறியதை நியூயார்க் பிரதிநிதி ஒருவர் தம் குறிப்பில் பதிந்து வைத்தார். அதே மாடிசன் சில மாதங்களுக்குப் பின் பத்திரிகையில் எழுதிய பிரசித்தமான கட்டுரையில், கட்சிகள் பிறப்பதற்கு நிலையான மூலகாரணம் சொத்து ஏற்றத்தாழ்வே என்று, மார்க்ஸ் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒளிக்காமல் எழுதினார்.

இனி ஷரத்துக்களுக்கு வருவோம். முதல் பிரிவின் பத்தாவது உட்பிரிவு, எந்த ராஜ்யமும் காகித நாணயம் வெளியிடலாகாது, பொன் வெள்ளி நாணயம் தவிர வேறெதையும் கடனுக்கு ஈடாக்கலாகாது, ஒப்பந்தங்களின் கட்டுப்பாட்டைக் குலைக்கும் சட்டம் இயற்றலாகாது என்று ஒரே மூச்சில் விதிக்கிறது. ஏழு ராஜ்யங்களில் குடியானவர்கள் தேடிக்கொண்ட நிவாரணம் அனைத்தும் இந்தச் சில வரிகளில் அடைபட்டுப் போயிற்று. வரி விதிக்கும் அதிகாரம், கலகங்களை அடக்கும் அதிகாரம் ஆகிய இரண்டும் மத்திய சர்க்காருக்கு வழங்கப்பட்டன. பழைய கடன்கள் யாவும் புதிய சர்க்காரையும் கட்டுப்படுத்தும் என்று ஆறாம் பிரிவு உறுதியளித்தது. கட்டப்பட்ட கை ராஜ்யத்தினுடையது. அவிழ்க்கப்பட்ட கை மத்திய சர்க்காரினுடையது. அங்கேயும் சாமானியனின் குரல் எளிதில் எட்டாதபடி ஓர் ஏற்பாடு இருந்தது. அதாவது தொகுதியின் பெருக்கம். சட்டசபைகளில் அந்தந்த ஊர்க்காரனே போய் உட்கார, முழு நாட்டுக்குமான முதல் பிரதிநிதிகள் சபைக்கு வகுக்கப்பட்ட ஸ்தானங்களோ 65 தான். தலைமை வகித்த வாஷிங்டன் மாநாட்டு விவாதத்தில் வாய் திறந்து கருத்துச் சொன்ன ஒரே சந்தர்ப்பம், கடைசி நாளன்று, ஒரு பிரதிநிதிக்கு 40,000 பேர் என்பதை 30,000 ஆகக் குறைக்க வேண்டும் என்ற திருத்தத்தை ஆதரித்ததே. செனட்டையோ சட்டசபைகளே தேர்ந்தெடுத்தன. ஜனங்கள் நேரே தேர்ந்தெடுக்கும் உரிமை 1913-ல், பியர்டின் நூல் வெளிவந்த அதே ஆண்டில்தான், கிடைத்தது.

குடியானவனுக்காவது வாக்கு என்று ஒன்று இருந்தது. 1790-ல் எடுத்த முதல் ஜனக்கணக்கின்படி ஐக்கிய நாட்டின் சுமார் 39 லட்சம் பேரில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் அடிமைகள். அவர்களில் ஐவரை மூவராகக் கணக்கிட்டு, அத்தொகைக்கு உரிய ஸ்தானங்களை அவர்களுடைய எஜமானர்களின் ராஜ்யங்களுக்கே சாசனம் அளித்தது. சவுக்கடி பட்டவனின் தலை எண்ணிக்கை சவுக்கு பிடித்தவனின் வாக்குக்குப் பலமாயிற்று. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் ஜனாதிபதி பீடத்தில் வர்ஜீனியாவின் அடிமை எஜமானர்களே வீற்றிருந்தார்கள் என்பதை இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1808-க்கு முன் அடிமை இறக்குமதியைக் காங்கிரஸ் தடுக்கலாகாது என்று இன்னொரு ஷரத்து. தப்பியோடிய அடிமை எந்த ராஜ்யத்தில் அகப்பட்டாலும் உரியவரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று மற்றொன்று. இந்தக் கடைசி ஷரத்து ஆகஸ்டு மாத இறுதியில் அதிக வாதமின்றியே நிறைவேறிற்று. அதை அமலாக்கும் சட்டத்தில் 1793-ல் கையெழுத்திட்ட வாஷிங்டனின் வீட்டிலிருந்தே, 1796 மே மாதத்தில், ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண், எஜமானர்கள் இராப்போஜனத்தில் அமர்ந்திருந்த வேளையில் வெளியேறி, கப்பலேறி, போர்ட்ஸ்மத் துறைமுகத்தை அடைந்தாள். ஜனாதிபதி ஆள் விட்டுப் பார்த்தும் அவள் திரும்பவில்லை. 1848-ல் இறக்கும்வரை சட்டத்தின் பார்வையில் அடிமையாகவே வாழ்ந்தாள். பிலடெல்பியாவில் ஆறு மாதம் தொடர்ந்து வசித்த அடிமை விடுதலை கோரலாம் என்று பென்சில்வேனியச் சட்டம் இருந்ததால், கெடு முடியுமுன் தம் அடிமைகளை எல்லை தாண்ட வைத்துத் திரும்ப அழைத்துவருவது அந்த வீட்டின் வழக்கம். ஒப்பந்தத்தின் புனிதத்தைப் பற்றி இவ்வளவு சிரத்தை காட்டிய ஒரு தலைமுறையின் சட்டபக்திக்கு இப்படியும் ஒரு முகம் இருந்தது.

சாசனத்தை அங்கீகரிக்க ராஜ்யந்தோறும் சபைகள் கூடியபோது எதிர்ப்பு கடுமையாகவே இருந்தது. மாஸாசூஸெட்ஸில் 187-க்கு 168, வர்ஜீனியாவில் 89-க்கு 79, நியூயார்க்கில் 30-க்கு 27. ரோட் தீவு 1790 வரை இழுத்தடித்து, 34-க்கு 32 என்ற கணக்கில் மனமின்றி இணங்கியது. மாஸாசூஸெட்ஸ் சபையில் ஏமஸ் சிங்கிள்டரி என்ற நாட்டுப்புறத்துக்காரர் எழுந்து, வக்கீல்களும் படித்தவர்களும் பணக்காரர்களும் நயமாகப் பேசி இதை நம்மை விழுங்கச் செய்கிறார்கள், அதிகாரம் கைக்கு வந்ததும் சிறியவர்களாகிய நம்மையெல்லாம் அவர்கள் விழுங்குவார்கள் என்று பேசினார். அவருக்குப் பதில் சொன்னவரும் வக்கீல் அல்ல; ஜொனாதன் ஸ்மித் என்ற குடியானவர். கலக நாட்களில் தம் பக்கத்தில் அண்டை வீட்டுக்காரனே மார்பில் துப்பாக்கியை வைத்த கொடுமையைச் சொல்லி, ஒழுங்குள்ள சர்க்கார் ஏர் பிடிப்பவனுக்கும் வேண்டும் என்றார். இவ்விருவரில் எவரையும் ஏமாந்தவர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பியர்டைக் கண்டித்து 1950-க்குப் பின் எழுதிய ராபர்ட் பிரௌன், பாரஸ்ட் மக்டொனால்டு போன்றவர்கள் பிடித்துக்கொண்ட இடமும் ஏறத்தாழ இதுதான்: கையிலிருந்த பத்திரத்தின் கனத்தைக் கொண்டு மனிதன் போடும் வாக்கை அளக்க முடியாது என்பது. பியர்டு பார்த்த கணக்குப் புத்தகங்கள் 1790-க்குப் பின் எழுதப்பட்டவை. 1787-ல் யார் கையில் எது இருந்தது என்பதை அவை காட்டா. கடன் பத்திரங்களை மிகுதியாக வைத்திருந்த ஜெரி, சாசனத்தில் கையெழுத்திடவே மறுத்துவிட்டார். இவையெல்லாம் மெய். ஆனால் தம் பைக்காக எழுதவில்லை என்று பெரியோர்களை விடுவித்துவிட்டால், அவர்கள் எழுதிய ஷரத்தும் அதனோடு விடுதலையாகிவிடுவதில்லை.

ஏனெனில் சீட்டின் யாத்திரை இன்னும் முடியவில்லை. கஜானா மந்திரியாக அமர்ந்த ஹாமில்டன் 1790 ஜனவரியில் சமர்ப்பித்த அறிக்கை, பழைய சீட்டுக்களை, வைத்திருப்பவர் யாராயினும், முகமதிப்பிலேயே சர்க்கார் ஏற்றுக்கொள்ளும் என்றது. சேதி உள்நாட்டுக்கு எட்டுமுன், நாணயத்துடன் தரகர்களை ஏற்றிய கப்பல்கள் தெற்கு ராஜ்யங்களை நோக்கி விரைந்ததாக ஜார்ஜியாவின் ஜாக்ஸன் சபையில் கொதித்தார். பத்திரத்தை வாங்கியவருக்குச் சந்தை விலையைக் கொடுத்து, மிச்சத்தை முதலில் பெற்ற சிப்பாய்க்கே கொடுக்கலாம் என்று ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார்; அவர் வேறு யாருமல்ல, செல்வமுள்ள சிறுபான்மையினருக்காகக் கவலைப்பட்ட அதே மாடிசன். 36-க்கு 13 என்ற வாக்கில் திருத்தம் தோற்றது.

வட்டிக்குப் பணம் வேண்டுமே. 1791-ல் சாராயத்தின்மேல் வரி விதித்தார்கள். மேற்குப் பென்சில்வேனியாவில் தானியத்தை மலை தாண்டிக் கொண்டுபோகக் கூலி கட்டாது. சாராயமாகக் காய்ச்சினால் ஒரு குதிரை பல மூட்டை தானியத்தின் கிரயத்தைச் சுமக்கும். நாணயம் அருகிய அப்பிரதேசத்தில் சாராயமே பண்டமாற்றுக்கும் உதவியது. அந்தக் குடியானவர்கள் 1794-ல் எதிர்த்தெழுந்தபோது, ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படை திரட்டப்பட்டது. வாஷிங்டனே அதைப் பார்வையிடப் போனார். ஹாமில்டன் கடைசிவரை கூடவே சென்றார். இந்தத் தடவை பட்டாளத்துக்காகப் பாஸ்டன் வர்த்தகர்களிடம் கை நீட்ட வேண்டிய அவசியம் சர்க்காருக்கு இருக்கவில்லை.

மாநாட்டு நாட்களில் வாஷிங்டன் தங்கியிருந்தது ராபர்ட் மாரிஸ் என்ற பிரதிநிதியின் மாளிகையில். யுத்தகாலக் கஜானாவையே தாங்கிப் பிடித்தவர் என்று பெயரெடுத்த அந்த மகா வர்த்தகர், பிற்பாடு லட்சக்கணக்கான ஏக்கர் நிலங்களைக் கடனுக்கு வாங்கி வாங்கி, கடன் மலையாகி, 1798-ல் பிலடெல்பியாவிலேயே கடனாளிச் சிறைக்குப் போனார். அவ்வாண்டு வாஷிங்டன் சிறைக்குள் சென்று அவருடன் உணவருந்தினார். திவால் சட்டம் இயற்றும் அதிகாரத்தைச் சாசனம் காங்கிரஸுக்குக் கொடுத்திருந்தது. அதைக் கொண்டு 1800-ல் இயற்றிய முதல் சட்டத்தின் பலனாக மாரிஸ் 1801-ல் வெளியே வந்தார். வர்த்தகர், லேவாதேவிக்காரர், தரகர், கப்பல் இன்ஷூரன்ஸ் செய்வோர் ஆகியோர் அச்சட்டத்தின் கீழ் வந்தார்கள். 1,000 டாலருக்குக் குறைந்த கடனுக்காக அதன்படி நடவடிக்கை தொடங்கவும் முடியாது. குடியானவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. மூன்று ஆண்டுகளில் அதையும் காங்கிரஸ் ரத்து செய்துவிட்டது.